தரிசு நிலத்தில் ஓர் ஆய்வுக்கூடம்

நுழையும்முன்

பூச்சிகளின் உலகில் பெண் பெரும்பாலும் ஆணைவிடப் பெரியது. சில இனங்களில் ஆண் பெரியது. அதன் தலையில் கொம்பும் உண்டு. உடலின் பருமனுக்கும் இணைசேர்தலுக்கும் முட்டையின் எண்ணிக்கைக்கும் என்ன தொடர்பு? பிறக்கப்போகும் குழந்தையின் உடலளவை முன்கூட்டியே முடிவு செய்வது யார்? பெருநகர ஆய்வுக்கூடங்கள் எவையும் துணையில்லாமல், நாணற்குழல்களையும் கண்ணாடிக் குழாய்களையும் நத்தை ஓடுகளையும் மட்டுமே கருவிகளாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை தேடினார் ஒரு பள்ளி ஆசிரியர். ழான் ஹென்றி ஃபாபர் என்னும் அப்பெருமகனாரின் வாழ்க்கையை இப்பாடம் விளக்குகிறது.

வறுமையில் விளைந்த ஆர்வம்

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் அவேரோன் மாவட்டத்தைச் சேர்ந்த சேன் லியோன் என்னும் மலையூரில், 1823ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் ஃபாபர் பிறந்தார். பெற்றோர் வறியவர். வீட்டில் உண்ணும் வாய்களுள் ஒன்றையேனும் குறைக்க வேண்டிய நிலையில், சிறுவன் ஃபாபர் மலாவல் என்னும் சிற்றூரில் உழவு செய்து வாழ்ந்த தாத்தா பாட்டியிடம் அனுப்பப்பட்டார். ஆடுமாடுகள், குளிர்காற்று, புல்வெளி, அதில் ஒலியெழுப்பும் சிறு பூச்சிகள் ஆகியவையே அவருடைய முதல் பள்ளிக்கூடம்.

பிழைப்புத் தேடிக் குடும்பம் ஊர் ஊராகப் பெயர்ந்தது. தந்தையார் தேநீர்க்கடை போன்ற சிறு காப்பிக்கடைகளை நடத்தினார், எங்கும் நிலைக்கவில்லை. கல்விக் கட்டணம் செலுத்த இயலாத ஃபாபர், தேவாலயத்தில் வழிபாட்டுப் பணிகளுக்கு உதவி, அதற்கு ஈடாகக் கல்வி பெற்றார். ஒரு கட்டத்தில் அதுவும் நின்றது. சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றும், இருப்புப்பாதை அமைக்கும் இடத்தில் கூலிவேலை செய்தும் நாள்களைக் கழித்தார். ஆயினும் படிக்கும் வேட்கை தணியவில்லை. அவிஞ்ஞோன் நகரின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி நடத்திய தேர்வில் வெற்றி பெற்று உதவித்தொகையுடன் சேர்ந்தார். 1842ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், கார்ப்பந்திரா என்னும் ஊரில் பள்ளி ஆசிரியர் ஆனார். ஆண்டுக்கு 700 பிராங்கு ஊதியம். அதுவும் காலத்தில் வந்து சேர்வதில்லை.

ஒரு மாத ஊதியமும் ஒரு நூலும்

நில அளவைப் பாடத்திற்காக மாணவர்களைத் திறந்தவெளிக்கு அழைத்துச் செல்வது ஃபாபரின் வழக்கம். அளவுகோலை நடச் சென்ற மாணவர்கள் அடிக்கடி குனிந்து தரையிலிருந்து எதையோ எடுப்பதையும், வைக்கோல் துரும்பை வாயில் வைத்துச் சுவைப்பதையும் அவர் கவனித்தார். கூழாங்கற்களின் மீது மண்ணைக் குழைத்து அறை கட்டி, அதில் தேனைச் சேர்த்துவைக்கும் ஒருவகைக் காட்டுத்தேனீயின் கூட்டை மாணவர்கள் கண்டுபிடித்திருந்தனர். ஆசிரியரும் மாணவர்களோடு சேர்ந்து தேனைச் சுவைத்தார். கொத்தனாரைப்போல மண்ணால் வீடு கட்டும் அத்தேனீயின் பெயரை அறிய வேண்டும் என்னும் ஆவல் அவரைப் பற்றிக்கொண்டது.

கணுக்காலிகளின் இயற்கை வரலாற்றைப் படங்களுடன் விளக்கும் பெருநூல் ஒன்று புத்தகக் கடையில் இருந்தது. அதன் விலையோ அவருடைய ஒரு மாத ஊதியம். வீட்டின் பற்றாக்குறையை அறிந்திருந்தும் அந்நூலை வாங்கினார். முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம்வரை படித்து முடித்தார். தேனீயின் பெயர் கிடைத்தது. அத்துடன் வாழ்நாள் முழுமைக்கும் உரிய ஒரு பாதையும் கிடைத்தது.

ஆனால் அப்பாதையில் உடனே நடக்க இயலவில்லை. ஆசிரியர் எவருமின்றித் தாமே பயின்று கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டங்கள் பெற்றார். 1849இல் கோர்சிகா தீவின் அசாக்சியோ நகரில் இயற்பியல் ஆசிரியராகப் பணியேற்றார். அங்கு வந்த மொக்கேன் தாந்தோன் என்னும் இயற்கையறிஞர், தண்ணீர் நிறைந்த ஒரு தட்டில் நத்தையை வைத்து, கத்தரிக்கோலும் ஊசியும் கொண்டு அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். ஃபாபர் பெற்ற விலங்கியல் பாடம் அது ஒன்றே எனலாம். கணிதத்தை விட்டு உயிர்களின்பால் திரும்புமாறு அவ்வறிஞர் கூறிய அறிவுரையை அவர் ஏற்றார்.

காய்ச்சலால் தீவை விட்டு நீங்கி 1853இல் அவிஞ்ஞோனுக்குத் திரும்பியபின், லியோன் துஃபூர் என்னும் மருத்துவர் எழுதிய கட்டுரை ஒன்று அவர் கைக்கு வந்தது. குளவி தன் புழுவுக்கு உணவாகச் சேமிக்கும் வண்டுகள் பல நாள் கழித்தும் அழுகாமல் இருப்பதை அக்கட்டுரை கூறியது. கெடாமல் காக்கும் ஏதோ ஒரு நீர்மத்தைக் குளவி செலுத்துவதாக அம்மருத்துவர் கருதியிருந்தார். ஃபாபர் அதே காட்சியை மீண்டும் மீண்டும் ஆராய்ந்தார். வண்டுகள் இறக்கவில்லை, குளவியின் கொடுக்கு அவற்றின் நரம்பு மையத்தைத் தாக்கியதால் செயலற்றுக் கிடக்கின்றன என்று 1855இல் நிறுவினார். புகழ்பெற்ற ஒருவரின் கருத்தையும் கண்ணால் கண்டு சோதித்த பின்னரே ஏற்பது என்னும் நெறி அன்று தொடங்கி இறுதிவரை அவரிடம் நிலைத்தது.

மாலை வகுப்பும் மனை இழப்பும்

ஃபாபரின் பெயர் பாரிசு வரை எட்டியது. 1868இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைச் சந்திக்கும் வாய்ப்பும் அரசின் உயர் விருதும் கிடைத்தன. ஆனால் செல்வம் கிடைக்கவில்லை. மஞ்சிட்டி வேரிலிருந்து சிவப்புச் சாயத்தைத் தூய்மையாகப் பிரிக்கும் முறையைக் கண்டறியப் பல ஆண்டுகள் உழைத்தார். அதன் வருவாயைக்கொண்டு ஆய்வில் மூழ்கலாம் எனக் கருதியிருந்த வேளையில், அதே சாயத்தைச் செயற்கையாகச் செய்யும் முறையை வேதியியலார் கண்டுபிடித்தனர். அவருடைய உழைப்பு ஒரே நாளில் பயனற்றுப்போனது.

அக்காலத்தில் கல்வி அமைச்சராக விளங்கிய விக்தர் துருய், பெண்களுக்கும் அறிவியல் கல்வி சென்றடைய வேண்டும் என விரும்பினார். அதன்படி அவிஞ்ஞோனில் நடைபெற்ற மாலை வகுப்புகளில் ஃபாபர் பாடம் நடத்தினார். இளம்பெண்களும் வந்து கேட்டனர். மலரில் மகரந்தம் சூலகத்தைச் சேர்ந்து விதை உருவாகும் முறையை அவர் எளிமையாக விளக்கினார். இன்று பள்ளி மாணவர் அனைவரும் படிக்கும் இப்பாடம் அன்று சிலருக்குத் தகாததாகத் தோன்றியது. எதிர்ப்பு எழுந்தது; வகுப்புகள் நின்றன. குடியிருந்த வீட்டின் உரிமையாளர்களும் அவரை வெளியேறுமாறு கூறினர். மனைவியோடும் மக்களோடும் புதிய இடம் தேடிச் செல்லக் கையில் பணம் இல்லை.

அப்போது அவிஞ்ஞோனில் வாழ்ந்த ஆங்கில மெய்யியலறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், எவ்வகைப் பிணையும் கேளாமல் 3000 பிராங்கு கடனாக அளித்தார். செடிகொடிகளைத் தேடி இருவரும் ஒன்றாக நடந்த நட்பே அதற்குப் பிணையாக இருந்தது. ஃபாபர் ஒரான்சு நகருக்கு அருகில் குடியேறினார். ஆசிரியப் பணியைத் துறந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் நூல்களை அடுத்தடுத்து எழுதிக் குடும்பத்தைக் காத்தார். கடனையும் திருப்பிச் செலுத்தினார்.

அவ்வாண்டுகளில் நேர்ந்த பெருந்துயரம் மகன் சூலின் மறைவாகும். தந்தையுடன் வயல்வெளிகளில் அலைந்து பூச்சிகளையும் மலர்களையும் தேடித் தந்த அம்மகன், 1877இல் பதினாறு வயதில் இறந்தான். புதிதாக அடையாளம் கண்ட குளவியினங்கள் சிலவற்றுக்கு மகனின் பெயரைச் சூட்டினார் ஃபாபர். தம் பெருநூலின் ஒரு தொகுதியையும் அவன் நினைவுக்கே உரித்தாக்கினார்.

முள்ளும் கல்லும் நிறைந்த செல்வம்

1879இல் செரிஞ்ஞான் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ ஒரு எக்டேர் நிலத்துடன் கூடிய வீடொன்றை ஃபாபர் வாங்கினார். உழவுக்கு உதவாத, கற்கள் நிறைந்த, முட்செடிகள் மண்டிய நிலம் அது. அத்தகைய தரிசினை அவ்வூர் மக்கள் ஆர்மா என அழைப்பர். அதுவே அவ்வீட்டின் பெயராகவும் நிலைத்தது. உழவர்கள் வெறுத்து ஒதுக்கிய நிலம், தேனீக்களும் குளவிகளும் விரும்பி வந்து வாழும் நிலமாக இருந்தது. நாற்பது ஆண்டுகள் கனவு கண்ட இடம் கிடைத்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. பூச்சியியல் நினைவுகள் என்னும் பெருநூலின் முதல் தொகுதி அவ்வாண்டிலேயே வெளிவந்தது. பத்தாவது தொகுதி வெளிவர 1907 ஆயிற்று.

அக்காலப் பூச்சியியலார் பலர், இறந்த பூச்சிகளை ஊசியில் குத்தி வரிசைப்படுத்தி அவற்றின் உறுப்புகளை அளந்தனர். ஃபாபர் உயிருள்ள பூச்சியின் வாழ்க்கையை அளக்க முயன்றார். அது எப்போது விழிக்கிறது, எவ்வாறு இணையைத் தேடுகிறது, பிள்ளைக்கு எவ்வளவு உணவு வைக்கிறது என்பனவே அவர் கேட்ட வினாக்கள்.

தாயின் அளவுகோல்

ஆசுமியா என்பது கூட்டமாக வாழாத ஒருவகைத் தேனீ. அதற்கு அரசியும் இல்லை. வேலைக்காரத் தேனீக்களும் இல்லை. வசந்தம் தொடங்கியதும் ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியே ஒரு நாணற்குழலையோ சுவரின் துளையையோ வெறுமையான நத்தை ஓட்டையோ தேர்ந்தெடுக்கும். அதன் அடியில் மகரந்தத்தையும் தேனையும் சேர்த்து உருண்டையாக்கி, அதன்மேல் ஒரு முட்டையிடும். மண்ணால் தடுப்புச் சுவர் எழுப்பும். பின் அடுத்த அறையைத் தொடங்கும். இவ்வாறு ஒரே குழலில் வரிசையாகப் பல அறைகள் அமையும்.

ஃபாபர் அத்தகைய குழல்களைப் பிளந்து பார்த்தார். அடிப்பகுதியில் இருந்த அறைகள் அகன்றவை. அவற்றில் உணவு மிகுதி. வாயிலை ஒட்டிய அறைகள் சிறியவை. அவற்றில் உணவு குறைவு. பெரிய அறைகளிலிருந்து பெண் தேனீக்கள் வந்தன. சிறிய அறைகளிலிருந்து ஆண் தேனீக்கள் வந்தன. ஆண்கள் உருவில் சிறியவை. பெண்களுக்கு முன்னரே அவை கூட்டை விட்டு வெளியேறிக் காத்திருக்கும். வாயிலை ஒட்டி அவை இருப்பதால், பின்னால் உறங்கும் உடன்பிறந்த பெண்களுக்கு இடையூறில்லை.

உணவின் அளவு ஏன் வேறுபட வேண்டும் என்பதை உணர, பூச்சியின் வளர்ச்சியைப் பற்றிய ஓர் உண்மையை அறிதல் வேண்டும். பூச்சி புழுப்பருவத்தில் மட்டுமே வளர்கிறது. சிறகு முளைத்து முழு உருவம் பெற்றபின் அதன் உடற்கூடு ஒரு சிறிதும் பெரிதாவதில்லை. ஆகவே, புழுவாக இருந்தபோது உண்ட உணவே அதன் வாழ்நாள் முழுமைக்குமான உடலளவை வரையறுக்கிறது. பெண் ஆசுமியா முட்டைகளைச் சுமக்க வேண்டும். மண்ணும் மகரந்தமும் சுமந்து ஓயாது பறக்க வேண்டும். ஆணுக்கோ இணையைத் தேடிச் சேர்வதொன்றே கடமை. பெரிய பணிக்குப் பெரிய உடல்; பெரிய உடலுக்குப் பெரிய பங்கு. ஆசுமியாவின் அறைகளில் ஃபாபர் கண்ட ஒழுங்கு இதுவே. இரையைச் சேமிக்கும் குளவிகளின் கூடுகளிலும் பெண்புழுவுக்கு மிகுதியாகவும் ஆண்புழுவுக்குக் குறைவாகவும் இரை வைக்கப்பட்டிருந்தது.

உணவா, தாயா?

இங்கு ஓர் ஐயம் எழுகிறது. மிகுதியாக உண்டதால் புழு பெண்ணாயிற்றா? அல்லது பெண்ணாகப் போவதை அறிந்து தாய் மிகுதியாக வைத்ததா? உணவே பாலினத்தை முடிவு செய்கிறது என்னும் கருத்து அக்காலத்தில் நிலவியது. ஃபாபர் அதனை நேராகச் சோதித்தார். ஆண் அறைகளில் கூடுதல் உணவைச் சேர்த்தார். பெண் அறைகளிலிருந்து உணவை எடுத்தார். ஆண்புழுக்கள் ஆணாகவே வளர்ந்தன. தேவைக்கு மேற்பட்ட உணவை மிச்சம் வைத்தன. பெண்புழுக்கள் பெண்ணாகவே வளர்ந்தன. ஆனால் உருவம் குறுகிக் குள்ளமாயின. உணவு உடலின் அளவை மாற்றியது, பாலினத்தை மாற்றவில்லை. எனவே, முட்டையிடும் வேளையிலேயே அது ஆணா பெண்ணா என்பது முடிவாகிவிடுகிறது என்பது தெளிவாயிற்று.

அப்படியாயின் முட்டைகள் ஆணும் பெண்ணுமாக ஒரு மாறா வரிசையில் வெளிப்படுகின்றனவா? முதலில் பெண், பின்னர் ஆண் என்பது இயல்பாகக் காணப்படும் வரிசை. அதை உடைத்துப் பார்க்க ஃபாபர் ஓர் எளிய சூழ்ச்சி செய்தார். தம் படிப்பறையின் மேசைமீது ஆசுமியாவின் கூட்டுப்புழுக்களைப் பரப்பி வைத்தார். அவற்றைச் சுற்றி நாணற்குழல்களையும் கண்ணாடிக் குழாய்களையும் அடுக்கினார். அங்கேயே வெளிவந்த தேனீக்கள் திறந்த சன்னல் வழியே சென்று மகரந்தம் கொணர்ந்து, அவர் கண்முன்னே கூடு கட்டின. அவர் வைத்த குழாய்கள் சிலவற்றில் உட்பகுதி மிகக் குறுகியதாகவும் முன்பகுதி அகன்றதாகவும் இருந்தன.

பெண்புழு வளர்வதற்கு அக்குறுகிய உட்பகுதியில் இடமில்லை. தாய்த்தேனீ என்ன செய்தது? வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கியது. குறுகிய உட்பகுதியில் ஆண் முட்டைகளை இட்டது. அகன்ற முன்பகுதியை அடைந்ததும் பெண் முட்டைகளை இட்டது. மிகக் குறுகிய குழாய்களை மட்டும் கொடுத்தபோது ஏறத்தாழ ஆண்களே பிறந்தன. குழந்தையின் பாலினத்தைத் தாய் முடிவு செய்கிறது. அதுவும் கிடைத்த இடத்தை அளந்து முடிவு செய்கிறது. இவ்வியப்பான முடிவுக்கு ஃபாபர் வந்து சேர்ந்தார். 1886இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியில் இவ்வாய்வுகளை அவர் விரிவாக எழுதினார்.

தாய் இதனை எவ்வாறு செய்கிறது? கருவுறாத முட்டையிலிருந்து ஆண் தேனீ பிறக்கிறது என்னும் கொள்கையைத் தேனீ வளர்ப்பில் வல்லவரான சீயர்சோன் முன்னரே வெளியிட்டிருந்தார். ஃபாபர் அதனை ஐயத்துடனேயே நோக்கினார். பிற்கால அறிவியல் அக்கொள்கை சரியே என உறுதி செய்தது. பெண் தேனீ, இணைசேர்ந்தபோது பெற்ற விந்தணுக்களைத் தன் வயிற்றிலுள்ள சிறு பையொன்றில் சேமித்து வைக்கிறது. முட்டை வெளிவரும் வேளையில் அப்பையைத் திறந்தால் முட்டை கருவுற்றுப் பெண்ணாகிறது. திறவாவிடில் கருவுறாமல் ஆணாகிறது. தாய் முடிவு செய்கிறது என்பதை ஃபாபர் கண்டார். முடிவு செய்யும் வழியைக் காணவில்லை. ஆயினும் அவர் கண்ட பாதி, பொய்யாகாத பாதி.

தெரிந்து தெளிவோம்

பூச்சியினங்கள் பலவற்றில் பெரிய உடலுடைய பெண், சிறிய உடலுடைய பெண்ணைவிட மிகுதியான முட்டைகளை இடும். முட்டைகள் உருவாக இடமும் உணவுச் சேமிப்பும் தேவைப்படுவதே இதற்குக் காரணம். ஆண்கள் தம்முள் போரிட்டுப் பெண்ணை அடையும் இனங்களில், எடுத்துக்காட்டாகக் கொம்புடைய வண்டுகள் சிலவற்றில், ஆணின் உடல் பெருத்துக் காணப்படும். இணையை விரைந்து தேடிப் பறக்க வேண்டிய இனங்களில் சிறிய உடலும் ஆணுக்குக் குறையாகாது.

நாற்பது விருந்தினர் வந்த இரவு

ஐரோப்பாவின் அந்துப்பூச்சிகளுள் மிகப் பெரியது பெருமயில் அந்துப்பூச்சி. ஒரு மே மாதம் 6ஆம் நாள் காலையில், ஃபாபரின் ஆய்வறையில் ஒரு பெண் அந்து கூட்டிலிருந்து வெளிவந்தது. அதனைக் கம்பிவலைக் கூண்டால் மூடிவைத்தார். அன்றிரவு ஒன்பது மணியளவில் வீட்டுக்குள் பெரும் பரபரப்பு. பறவைகளைப் போன்ற பெரிய அந்துப்பூச்சிகள் அறைகளெங்கும் பறப்பதாக அவருடைய இளைய மகன் கூவி அழைத்தான். மெழுகுவத்தியுடன் ஆய்வறைக்குள் நுழைந்தபோது, கூண்டைச் சுற்றி ஆண் அந்துகள் சிறகடித்துக்கொண்டிருந்தன. வீடெங்கும் வந்தவற்றைச் சேர்த்து எண்ணினால் ஏறத்தாழ நாற்பது. எட்டு இரவுகளில் மொத்தம் 150 ஆண்கள் வந்தன.

பெண் அந்து முட்டைகளால் கனத்த வயிற்றுடன் அசையாமல் இருந்தது. தேடிவருவது ஆணின் வேலை. இவ்வினத்தின் முதிர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாயுறுப்பு பயன்படுவதில்லை. புழுப்பருவத்தில் சேமித்ததே அதன் கட்டுச்சோறு. அதைக்கொண்டு சில நாள்களே வாழ முடியும். அந்நாள்களுக்குள் இருளில், தொலைவில், மரங்களுக்கிடையில் உள்ள இணையைக் கண்டடைய வேண்டும். எதைக்கொண்டு கண்டடைகிறது? காற்றுப் புகாத பெட்டிகளில் பெண்ணை அடைத்தபோது ஒரு ஆணும் வரவில்லை. சிறு இடைவெளி விட்டு மூடியபோது, பெட்டியை மறைத்து வைத்தாலும் வந்தன. மனிதரின் மூக்குக்கு எட்டாத ஒரு நுண்மணமே தூது என்னும் கருத்தை நோக்கி இச்சோதனைகள் அவரை அழைத்துச் சென்றன. அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், 1959இல், செருமானிய வேதியியலறிஞர் பூட்டனாந்தும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து அத்தகைய மணப்பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர்.

கும்பிடுபூச்சியின் இல்லறம்

முன்கால்களை மடக்கி வழிபடுவதுபோல் நிற்பது கும்பிடுபூச்சி. அதன் பெண் பருத்தது. ஆண் மெலிந்து சிறியது. கூண்டில் வளர்த்த இணைகளை ஃபாபர் இரவுபகலாகக் கவனித்தார். இணைசேர்ந்த பின்னரும், சிலவேளை இணைசேரும்போதே, பெண் தன் துணையை உண்டது. இரண்டு வாரங்களில் ஒரே பெண் ஏழு ஆண்களை இரையாக்கியதையும் அவர் பதிவு செய்தார். அவர் இக்காட்சியை மிகைப்படுத்தவுமில்லை, மறைக்கவுமில்லை. அடைபட்ட கூண்டின் நெருக்கடி இதற்குக் காரணமாக இருக்கலாமோ என்னும் ஐயத்தையும் சேர்த்தே எழுதினார். முட்டைகளை நிறைத்த நுரைக்கூட்டைக் கட்டுவதற்குப் பெண்ணுக்குப் பெரும் உணவு தேவை. ஆணை உண்ட பெண் கூடுதலான முட்டைகளை இடுவதைக் கும்பிடுபூச்சி இனங்கள் சிலவற்றில் பிற்கால ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

கருத்து வேறுபாடும் நன்மதிப்பும்

சார்லசு டார்வின் தம் உயிரினங்களின் தோற்றம் என்னும் நூலில், பெண்ணுக்காக ஆண்பூச்சிகள் போரிடுவதைப் பற்றிக் கூறும் இடத்தில் ஃபாபரை ஒப்பற்ற உற்றுநோக்கராகப் போற்றினார். ஃபாபரோ டார்வினின் படிமலர்ச்சிக் கொள்கையை இறுதிவரை ஏற்கவில்லை. உள்ளுணர்வு படிப்படியாக வளர்ந்திருக்க இயலாது என்பது அவர் எண்ணம். இவ்வகையில் பிற்கால அறிவியல் ஃபாபரோடு உடன்படவில்லை. எனினும், இருவருக்கிடையே மடல் தொடர்பு நிலவியது. மண்வீடு கட்டும் தேனீ தொலைவிலிருந்து வழியறிந்து திரும்பும் திறத்தைச் சோதிக்க டார்வின் கூறிய முறைகளை ஃபாபர் செய்தும் பார்த்தார். கொள்கையில் மாறுபட்டவர்கள் உண்மையைத் தேடுவதில் உடன்பட்டனர்.

நிறைவு

இறுதிக்காலத்திலும் ஃபாபரின் வறுமை நீங்கவில்லை. அவர் எழுதிய பாடநூல்களின் விற்பனை குறைந்தது. நண்பர்களின் முயற்சியால் 1910இல் செரிஞ்ஞானில் அவருக்கு விழா எடுக்கப்பட்டது. அதன்பின் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1913இல் பிரான்சு நாட்டுக் குடியரசுத் தலைவர் புவங்காரே அவரைத் தேடி அச்சிற்றூருக்கே வந்தார். 1915 அக்டோபர் 11ஆம் நாள், தொண்ணூற்றொன்றாம் வயதில், தம் தரிசு நிலத்து வீட்டிலேயே ஃபாபர் இயற்கை எய்தினார். அவ்வீடு இன்று அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்படுகிறது. அவர் தம் கையால் தீட்டிய காளான் ஓவியங்கள் பல நூறு அங்கு உள்ளன.

மலரின் கருவுறுதலைக் கற்பித்ததற்காக வீட்டை இழந்தவர், எஞ்சிய வாழ்நாளை உயிர்களின் கருவுறுதலையும் பிறப்பையும் ஆராய்வதற்கே அளித்தார். ஒரு தாய்த்தேனீ தன் முன் உள்ள குழலின் அகலத்தை அளந்து, அதற்குத் தக்க குழந்தையைத் தருகிறது என்பதை உலகுக்குக் காட்டினார். அவருக்கு வாழ்க்கை அளித்த இடம் எப்போதும் குறுகியதாகவே இருந்தது. கிடைத்த அச்சிறு இடத்திலேயே அவர் பெரும்பணியைச் செய்து முடித்தார். அவர் கேட்ட வினாக்கள் பல, இன்றும் வயல்வரப்பிலும் சுவர்த்துளையிலும் நாணற்குழலிலும் உற்றுநோக்கும் கண்களுக்காகக் காத்திருக்கின்றன.